செயலர் வேறு, செயலாளர் வேறு: கட்சியும் அரசாங்கமும் எந்த இடத்தில் சேருகின்றன?

காட்பாடி_தினேஷ்

எங்கள் ஊர் காட்பாடி தொகுதியில் ஒரு சின்ன கிராமம். தெருக்கோடியில் ஒரு சின்டெக்ஸ் டேங்க், அதற்கு ஒரு மோட்டார். போன மாதம் மோட்டார் எரிந்துபோனது. நான் சென்னையில் வேலையில் இருக்கிறேன், சனிக்கிழமைதான் வருவேன். எழுபது தாண்டிய என் ஆயா (பாட்டி), "நானே போய்ச் சொல்லிட்டு வரேன்" என்று கிளம்பிவிட்டார்.

"செயலாளரைப் பாருங்க" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஆயா போய் நின்றது ஒரு கட்சியின் கிளைச் செயலாளர் வீட்டு வாசலில். அவர், "இது என் கையில் இல்ல, ஒன்றியத்தைப் பாருங்க" என்றார். ஒன்றியம் என்றால் ஒன்றிய ஆபீஸ் என்று ஆயா பஸ் ஏறிப் போனார். அங்கே விசாரித்தால், அவர் சொன்னது ஒன்றியச் செயலாளரை. அவர் வீட்டுக்குப் போனால் ஆள் ஊரில் இல்லை. கூட இருந்த ஒருவர் லெட்டர் பேடில் நாலு வரி எழுதி, முத்திரை குத்தி, "இதைக் காட்டுங்க, மோட்டார் வந்துடும்" என்று கொடுத்து அனுப்பியிருக்கிறார். அந்தக் காகிதம் நாலாக மடிந்து மூன்று வாரமாக ஆயாவின் சுருக்குப்பையில் இருக்கிறது. யாரிடம் காட்டுவது என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

எந்தக் கட்சி என்று சொல்லப்போவதில்லை. ஆயா தண்ணீருக்காக இரண்டு தெரு தள்ளிப் போய் குடம் தூக்குகிறார். அதுதான் எனக்கு வலிக்கிறது. கிளை, ஒன்றியம், மாவட்டம் என்று பொறுப்பில் இருக்கிறவர்களுக்கு அரசாங்கத்தில் உண்மையில் என்ன அதிகாரம்? தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்குங்கள்.

தறிக்காரர்_குடியாத்தம்

தம்பி, ஆயா மேல் தப்பே இல்லை. தப்பு வார்த்தையில் இருக்கிறது. நான் பதினெட்டு வருடம் கிளைச் செயலாளராக இருந்தவன். என்னிடமே வாரத்துக்கு இரண்டு பேர் இப்படி வருவார்கள்.

நம் ஊரில் கட்சிகள் அரசாங்கத்தின் அடுக்கைப் பார்த்து அதற்குப் பக்கத்திலேயே தங்கள் அடுக்கைக் கட்டிக்கொண்டன. பெயரும் அதே பெயர். எது எது என்று சொல்கிறேன்.

ஊராட்சியில் கணக்கு வழக்கு பார்ப்பவர் ஊராட்சிச் செயலர். ஊரில் கிளார்க் என்பார்கள். அவர் அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவர். கட்சியின் கிளைச் செயலாளர் வேறு. அவருக்குச் சம்பளம் கிடையாது, அரசாங்கச் சீலும் கிடையாது. ஒரு துணைக்காலும் ஒரு "ள" எழுத்தும்தான் வித்தியாசம், அதில்தான் ஆயாவுக்கு ஒரு நாள் போயிற்று.

ஒன்றியம் என்றால் மூன்று பேர். ஊராட்சி ஒன்றியத்தின் அதிகாரி பி.டி.ஓ., அதாவது வட்டார வளர்ச்சி அலுவலர். அதிலும் இரண்டு பி.டி.ஓ. உண்டு, ஒருவர் ஒன்றியத்துக்கு, இன்னொருவர் கிராம ஊராட்சிகளுக்கு. அடுத்தவர் ஒன்றியக் குழுத் தலைவர். சேர்மன் என்போமே, அவர். மக்கள் தேர்ந்தெடுத்த ஒன்றிய வார்டு உறுப்பினர்கள் கூடி அவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். மூன்றாவது ஆள்தான் கட்சியின் ஒன்றியச் செயலாளர்.

வட்டம் இன்னும் மோசம். தாசில்தார் இருக்கும் தாலுகாவும் வட்டம்தான். திராவிடக் கட்சிகளில் மாநகராட்சி வார்டு அளவில் இருக்கும் அமைப்பும் வட்டம்தான். வேலூர் மாநகராட்சியில் 60 வார்டு இருக்கிறது. அங்கே "வட்டத்தைப் பார்த்தேன்" என்று ஒருவர் சொன்னால் வட்டாட்சியரா, வட்டச் செயலாளரா என்று மறுபடி கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

கட்சிப் பக்கம் கீழிருந்து மேலே போனால் கிளை, அதற்கு மேல் ஒன்றியம், ஊர் பெரிதானால் நகரம் அல்லது பேரூர், மாநகராட்சியில் வட்டம், அதற்கு மேல் பகுதி, பிறகு மாவட்டம், பிறகு தலைமை. ஒவ்வொரு படியிலும் அவைத்தலைவர், செயலாளர், துணைச் செயலாளர்கள், பொருளாளர், மேலே அனுப்பும் பிரதிநிதிகள். மாநில அளவில் பொதுக்குழு, செயற்குழு. இதன் பக்கத்தில் இளைஞர் அணி, மகளிர் அணி, மாணவர் அணி, விவசாய அணி என்று தனி வரிசை போகும். நெசவாளர் அணியும் உண்டு, குடியாத்தத்தில் அதற்கு மரியாதை அதிகம். திராவிடக் கட்சிகளில் செயலாளர்தான் வண்டி ஓட்டுகிறவர், அவைத்தலைவர் கூட்டத்துக்குத் தலைமை தாங்குவார். காங்கிரசில் அப்படி இல்லை. அங்கே வட்டாரத் தலைவர், மாவட்டத் தலைவர் என்று தலைவர்தான் முதல் ஆள்.

இத்தனை பேரில் ஒருவருக்குக்கூட உங்கள் மோட்டாருக்கான பணத்தை எடுக்கும் உரிமை கிடையாது. ஊராட்சிச் செக்கில் ஊராட்சித் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். அவர்கள் இரண்டு பேர் கையெழுத்துக்குத்தான் பணம் வெளியே வரும். முதலில் கிளார்க்கைப் பாருங்கள்.

சிப்காட்_முருகேசன்

ஐயா சொன்னதெல்லாம் காகிதத்தில் சரி. நான் ராணிப்பேட்டையில் இருபது வருடமாகத் தொழிற்சங்கத்தில் இருக்கிறேன். நடப்பு என்ன? ஊராட்சித் தலைவர் யாரைக் கேட்டு நடக்கிறார்? ஒன்றியச் செயலாளரை. அவர் யாரைக் கேட்கிறார்? மா.செ.வை, அதாவது மாவட்டச் செயலாளரை. ரோடு காண்ட்ராக்டிலிருந்து அங்கன்வாடி வேலை வரை மா.செ. வீட்டுத் திண்ணையில் பேசாமல் முடிகிறதா? கையெழுத்து யாருடையதோ, பேனா வேறு ஆளிடம் இருக்கிறது. ஆயாவுக்குக் கொடுத்த லெட்டர் சட்டப்படி வெறும் காகிதம்தான். ஆனால் அது சில இடங்களில் வேலை செய்கிறது. அதனால்தான் ஜனங்கள் அதைத் தேடிப் போகிறார்கள். அதை மறைத்துவிட்டுப் பேசக் கூடாது.

பாகாயம்_வக்கீல்

முருகேசன் அண்ணன் கேட்டது நியாயமான கேள்வி. பேனா எப்படி அந்தக் கைக்குப் போகிறது என்பதற்குச் சட்டத்திலேயே ஒரு பதில் இருக்கிறது. அதைச் சொல்லிவிடுகிறேன்.

1950-ல் நடைமுறைக்கு வந்த அரசியல் சாசனம் கட்சி அமைப்பைப் பற்றிப் பேசவே இல்லை. எம்.எல்.ஏ., எம்.பி., அமைச்சர், ஆளுநர் எல்லாரும் அதில் இருக்கிறார்கள். கட்சி அதற்குள் ஒழுங்காக நுழைந்தது 1985-ல், 52-வது திருத்தத்தில். கட்சித் தாவலைத் தடுக்கும் பத்தாவது அட்டவணை அப்போதுதான் வந்தது. கட்சிகளைத் தேர்தல் ஆணையத்தில் பதிவு செய்வது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 29ஏ பிரிவு. சின்னம் கொடுப்பது 1968-ம் ஆண்டு சின்னங்கள் ஆணை.

மாநிலக் கட்சி என்ற அங்கீகாரத்துக்குப் பல வழிகள் உண்டு. சட்டமன்றத் தேர்தலில் செல்லுபடியான ஓட்டில் 6 சதவீதமும் இரண்டு எம்.எல்.ஏ.க்களும் வாங்குவது ஒரு வழி. ஒரு இடமும் ஜெயிக்காமல் 8 சதவீத ஓட்டு வாங்கினாலும் போதும். 2024 மக்களவைத் தேர்தலில் நாம் தமிழர் கட்சி ஒரு இடமும் ஜெயிக்கவில்லை, 8 சதவீதம் தாண்டியதால் அங்கீகாரம் பெற்றது. அதே தேர்தலில் விடுதலைச் சிறுத்தைகள் சிதம்பரம், விழுப்புரம் இரண்டையும் ஜெயித்து அங்கீகாரம் பெற்றது, பானைச் சின்னம் அவர்களுக்கு உறுதியானது.

இப்போது பேனாவுக்கு வருகிறேன். அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் சின்னத்தில் நிற்க வேண்டுமானால் ஏ படிவம், பி படிவம் இரண்டும் வேண்டும். வேட்பாளரை அறிவிக்கும் உரிமை கட்சியில் யாருக்கு என்று சொல்வது ஏ. இந்தத் தொகுதியில் எங்கள் வேட்பாளர் இவர் என்று சொல்வது பி. மனுத்தாக்கலின் கடைசி நாள் மாலை 3 மணிக்குள் இரண்டும் தேர்தல் நடத்தும் அலுவலர் கைக்குப் போய்விட வேண்டும். கையெழுத்து மையில் இருக்க வேண்டும், ஜெராக்ஸ் செல்லாது.

உங்கள் எம்.எல்.ஏ. ஐந்து வருடம் கழித்து மறுபடி நிற்க வேண்டுமென்றால் அந்த பி படிவம் வேண்டும். அதற்கு மாவட்டத்தின் பரிந்துரை வேண்டும், தலைமையின் முடிவு வேண்டும். மா.செ.வுக்கு எந்தச் சட்டமும் அதிகாரம் கொடுக்கவில்லை. பி படிவம் வரும் பாதையில் அவர் உட்கார்ந்திருக்கிறார், அவ்வளவுதான். அது போதும்.

நஸ்ரின்_ஆம்பூர்

வக்கீல் சார் சொன்ன கடைசி நாள் மூன்று மணியை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். 2022 பிப்ரவரி நகராட்சித் தேர்தலில் என் நாத்தனார் ஒரு கட்சி சார்பில் வார்டுக்கு நின்றார். பி படிவம் வரும் வரும் என்று நகராட்சி அலுவலக வாசலில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். பக்கத்தில் அதே வார்டுக்கு அதே கட்சியின் இன்னொரு பெண், அவரும் மனுவைக் கையில் வைத்துக்கொண்டு. இரண்டு பேருக்கும் தெரியும், காகிதம் ஒன்றுதான் வரும் என்று. அதனால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ஆனால் தண்ணீர் பாட்டிலை மட்டும் மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொண்டார்கள். இரண்டரை மணிக்கு ஒரு பையன் பைக்கில் வந்து கவரை நீட்டினான். உள்ளே நாத்தனார் பெயர் இருந்தது. அந்தப் பெண் ஒன்றும் பேசாமல் எழுந்து, தன் மனுவைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். பதினைந்து வருடம் மகளிர் அணியில் வேலை பார்த்தவர். இன்றைக்கும் தெருவில் பார்த்தால் எனக்குச் சங்கடமாக இருக்கும்.

தமிழ்நாட்டில் உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு என்று 2016-ல் சட்டம் வந்தது. அது வந்ததால்தான் நாங்கள் அந்த மரத்தடிக்கே போக முடிந்தது. ஆனால் கட்சிப் பொறுப்பில் அப்படி ஒரு சட்டம் இல்லையே. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்ற நம் மூன்று மாவட்டத்திலும் பெண் மா.செ. ஒருவரைச் சொல்லுங்கள் பார்ப்போம். வார்டு உறுப்பினராகப் பெண் வரலாம், பி படிவத்தை முடிவு செய்யும் அறையில் அவருக்கு நாற்காலி இல்லை. இதை யாரும் பேசுவதில்லை.

இன்னொன்று. ஆம்பூர்க்காரர்களுக்கும் குடியாத்தத்துக்காரர்களுக்கும் மறக்கவே முடியாதது 2017. வக்கீல் சார், அதைக் கொஞ்சம் விளக்குங்கள். அந்தச் சமயம் எங்களுக்கு எம்.எல்.ஏ.வே இல்லாமல் போனதே.

பாகாயம்_வக்கீல்

ஆமாம் சகோதரி, கட்சியும் அரசாங்கமும் மோதினால் வாக்காளனுக்கு என்ன ஆகும் என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் இல்லை.

2017 ஆகஸ்டில் அ.தி.மு.க. எம்.எல்.ஏ.க்கள் சிலர் முதல்வர் மீது நம்பிக்கை இல்லை என்று ஆளுநரிடம் கடிதம் கொடுத்தார்கள். அது தாமாகவே கட்சியை விட்டு விலகியதற்குச் சமம் என்று கொறடா புகார் செய்தார். செப்டம்பர் 18 அன்று பேரவைத் தலைவர் 18 பேரைத் தகுதி நீக்கம் செய்தார். அந்த 18-ல் குடியாத்தம், ஆம்பூர், சோளிங்கர் மூன்றும் நம் பழைய வேலூர் மாவட்டம். வழக்கு உயர் நீதிமன்றத்தில் இழுத்து, 2018 அக்டோபரில் மூன்றாவது நீதிபதி தகுதி நீக்கம் செல்லும் என்றார். இடைத்தேர்தல் 2019 ஏப்ரல் 18. ஒன்றரை வருடத்துக்கு மேல் மூன்று தொகுதிக்கும் எம்.எல்.ஏ. கிடையாது.

அதோடு முடியவில்லை. அதே ஏப்ரல் 18-ல் நடக்க வேண்டிய வேலூர் மக்களவைத் தேர்தல், பணம் பிடிபட்ட விவகாரத்தால் இரண்டு நாள் முன்பு ரத்தானது. குடியாத்தத்திலும் ஆம்பூரிலும் அன்றைக்கு ஜனங்கள் எம்.எல்.ஏ.வுக்கு மட்டும் ஓட்டுப் போட்டார்கள், எம்.பி.க்கு ஆகஸ்ட் 5 அன்று மறுபடி வரிசையில் நின்றார்கள். அந்தத் தேர்தலில் தி.மு.க. ஜெயித்தது 8,141 ஓட்டில்.

நஸ்ரின்_ஆம்பூர்

எங்கள் தெருவில் ஒரு விதவைத் தாய், ஒரு வருமானச் சான்றிதழ் விஷயமாக அந்தச் சமயத்தில் எம்.எல்.ஏ. அலுவலகம் போனார். பூட்டியிருந்தது. வாட்ச்மேன் "கேஸ் முடியட்டும்மா" என்றாராம். என்ன கேஸ், யார் மேல் என்று அவருக்குத் தெரியாது. தன்மேல்தான் ஏதோ கேஸ் என்று பயந்து வீட்டுக்கு வந்துவிட்டார்.

காட்பாடி_தினேஷ்

எல்லாருக்கும் நன்றி. நஸ்ரின் அக்கா சொன்னதைப் படித்ததும் எங்கள் ஆயாதான் ஞாபகம் வந்தார்.

கிளார்க்கைப் பார்க்க இந்தச் சனிக்கிழமை போகிறேன். அதற்குள் இன்னொரு சந்தேகம். எம்.பி.யிடம் எழுதலாமே என்று வேலூர் எம்.பி. முகவரியைத் தேடினேன். நண்பன் சொல்கிறான், காட்பாடிக்கு எம்.பி. வேலூர்க்காரர் இல்லையாம், அரக்கோணமாம். உண்மையா?

தறிக்காரர்_குடியாத்தம்

உண்மைதான் தம்பி. வேலூருக்கு வருகிறவன் ரயிலை விட்டு இறங்குவதே காட்பாடியில்தான். ஆனால் காட்பாடி சட்டமன்றத் தொகுதி அரக்கோணம் மக்களவையில் இருக்கிறது. கூட ராணிப்பேட்டை, ஆற்காடு, சோளிங்கர், அரக்கோணம், திருத்தணி. வேலூர் மக்களவையில் வேலூர், அணைக்கட்டு, கீழ்வைத்தினான்குப்பம், குடியாத்தம், வாணியம்பாடி, ஆம்பூர். ஜோலார்பேட்டையும் திருப்பத்தூரும் திருவண்ணாமலை எம்.பி.யிடம் போக வேண்டும்.

வருவாய் மாவட்டக் கோடு வேறு மாதிரி. எங்கள் காலத்தில் எல்லாம் ஒரே வட ஆற்காடு. 1989-ல் திருவண்ணாமலை பிரிந்தது. 2019 நவம்பர் 28-ல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றானது. பழைய 13 சட்டமன்றத் தொகுதிகளில் வேலூருக்கு ஐந்து, மற்ற இரண்டுக்கும் நாலு நாலு. கட்சி மாவட்டக் கோடு அதற்கும் மேலே மூன்றாவது கோடு. வருவாய் மாவட்டம் மாநிலத்தில் 38. பெரிய கட்சிகள் அதைக் கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு என்று வெட்டி, இரண்டு மூன்று தொகுதிக்கு ஒரு மா.செ. போடுகிறார்கள். வேலை பார்க்க வசதி என்பார்கள். ஆளுக்கொரு பொறுப்பு கொடுக்கவும் அது வசதிதான்.

சிப்காட்_முருகேசன்

ஐயாவே ஒத்துக்கொண்டார். அப்புறம் இதையும் சொல்லுங்கள். 2021-ல் ஜெயித்த பிறகு தி.மு.க.வின் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மா.செ.க்கள் மூன்று பேரும் எம்.எல்.ஏ.க்களாக இருந்தார்கள். அணைக்கட்டு, ராணிப்பேட்டை, ஜோலார்பேட்டை. ராணிப்பேட்டைக்காரர் அமைச்சராகவும் இருந்தார். நான் யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் எம்.எல்.ஏ. தவறு செய்தால் கட்சிக்காரன் போய் முறையிட வேண்டியது மா.செ.விடம். அவரும் இவரும் ஒரே ஆள் என்றால் எங்கே போவது? அதற்கு முந்தைய ஆட்சியிலும் இதே கதைதான். கட்சிப் பொறுப்பும் அரசுப் பதவியும் ஒரே ஆளிடம் இருக்கக் கூடாது என்பதுதான் என் கருத்து, அதை மாற்றிக்கொள்ள மாட்டேன்.

தறிக்காரர்_குடியாத்தம்

அதில் நான் வேறுபடுகிறேன் முருகேசா. மா.செ. ஒருவர், எம்.எல்.ஏ. ஒருவர் என்று இருந்த காலத்தையும் நான் பார்த்தவன். ஒரே கல்யாணத்துக்கு இரண்டு பேரும் வந்தால் மேடையில் யார் முதலில் என்று அரை மணி நேரம் சண்டை. இவர் வாங்கிக் கொடுத்த ரோட்டை அவர் நிறுத்துவார். நடுவில் செத்தது நாங்கள். ஒரே ஆளாக இருந்தால் பதில் சொல்ல வேண்டியவர் ஒருத்தர் என்றாவது தெரியும்.

ஆனாலும் நீ சொல்வதில் ஒரு பெரிய மனிதர் உன் பக்கம் இருக்கிறார். 1963-ல் காமராஜர் முதல்வர் பதவியை விட்டுவிட்டுக் கட்சி வேலைக்குப் போனார். மூத்தவர்கள் பதவியை விட்டுக் கட்சியைக் கவனிக்க வேண்டும் என்பது அவர் திட்டம்.

காமராஜர் என்றதும் எங்கள் ஊர் கதையைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1954 ஏப்ரலில் அவர் முதல்வரானபோது எம்.எல்.ஏ. இல்லை, ஸ்ரீவில்லிபுத்தூர் எம்.பி. சட்டமன்றத்தில் இல்லாதவர் அமைச்சராகலாம், ஆறு மாதத்துக்குள் உறுப்பினராகிவிட வேண்டும் என்பது சாசன விதி. அதற்கு அவர் தேர்ந்தெடுத்த இடம் எங்கள் குடியாத்தம். சொந்த ஊர் விருதுநகர் எங்கே, குடியாத்தம் எங்கே! தி.மு.க. அவருக்கு எதிராக ஆள் நிறுத்தவில்லை, ஆதரித்தது. எங்கள் அப்பா அப்போது கைத்தறியில் பையன். காமராஜர் கவுண்டன்யா ஆற்றுப் பக்கம் ஜீப்பில் போனதைப் பார்த்தேன் என்று சாகும் வரை சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு முதல்வருக்கு சட்டமன்றத்துக்குள் போக வழி கொடுத்த ஊர் என்ற பெருமை இன்னும் எங்களுக்கு உண்டு.

அண்ணாவுக்கும் அப்படித்தான். 1967-ல் அவர் ஜெயித்தது தென்சென்னை மக்களவைக்கு. முதல்வரான பிறகு மாநிலத்தின் சட்ட மேலவை வழியாக உள்ளே வந்தார். 1986-ல் மேலவையையே எடுத்துவிட்டார்கள், அந்த வழி இப்போது இல்லை.

பாகாயம்_வக்கீல்

ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். கட்சி ஜெயித்ததும் யார் முதல்வர் என்பதைப் பொதுக்குழு முடிவு செய்வதில்லை. புதிய எம்.எல்.ஏ.க்கள் கூடி சட்டமன்றக் கட்சித் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள், அந்தக் கடிதம்தான் ஆளுநரிடம் போகிறது. கட்சித் தலைமை வேறு, சட்டமன்றக் கட்சி வேறு. அமைச்சர்கள் எண்ணிக்கைக்கும் 2003 முதல் உச்சவரம்பு உண்டு, அவையில் 15 சதவீதம். 234-க்கு முதல்வரையும் சேர்த்து 35 பேர். நம் பகுதிக்கு 2021-ல் இரண்டு பேர் கிடைத்தார்கள். காட்பாடி துரைமுருகனுக்கு நீர்வளம், ராணிப்பேட்டை காந்திக்குக் கைத்தறி, துணிநூல். துரைமுருகன் 2020 செப்டம்பரில் தி.மு.க.வின் பொதுச்செயலாளரும் ஆனார். அதே காட்பாடியில் 2021-ல் அவர் ஜெயித்தது எழுநூற்றுச் சொச்சம் ஓட்டில். மாநிலக் கட்சியின் பொதுச்செயலாளராக இருந்தாலும் ஒவ்வொரு பூத்திலும் எண்ணித்தான் கரையேற வேண்டும்.

சின்னம் பற்றியும் ஒன்று. 2021-ல் கீழ்வைத்தினான்குப்பத்தில் ஜெயித்த ஜெகன்மூர்த்தி புரட்சி பாரதம் கட்சியின் தலைவர். நின்றது இரட்டை இலையில். அதனால் அந்தப் பேரவைக் கணக்கில் அவர் அ.தி.மு.க.வின் 66 பேரில் ஒருவராக இருந்தார். கொறடா உத்தரவு அவரையும் கட்டியது. தன் கட்சிக்குத் தலைவர், சபையில் இன்னொரு கட்சியின் உறுப்பினர்.

நஸ்ரின்_ஆம்பூர்

வேலூர் எம்.பி. விஷயத்திலும் அதையே பார்த்தோம். 2004-ல் காதர் மொகிதீன், 2009-ல் அப்துல் ரகுமான், இருவரும் முஸ்லிம் லீக். நின்றது உதயசூரியனில். எங்கள் அப்பா பிறைக்கொடியைக் கையில் பிடித்துக்கொண்டு சூரியனுக்கு ஓட்டுக் கேட்டார். நமக்கென்று ஒரு குரல் டெல்லியில் இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டார். எனக்கு அதில் முழுத் திருப்தி இல்லை. சின்னக் கட்சி தன் சின்னத்தில் நின்றால்தான் அதன் ஓட்டு எவ்வளவு என்று தெரியும், அங்கீகாரமும் வரும். இரவல் சின்னத்தில் ஜெயித்தால் இடம் கிடைக்கும், கணக்கு வேறு ஒருவர் பெயரில் ஏறும்.

சிப்காட்_முருகேசன்

இதில் நஸ்ரின் அம்மா சொல்வதுதான் சரி. ஆனால் கேள்வியை விட்டு வெளியே போகிறோம். கட்சிக்குள் தேர்தல் என்று ஒன்று நடக்கிறதே, அது நிஜமா? நான் பார்த்தவரை லிஸ்ட் மேலிருந்து வரும், கீழே கை தட்டுவார்கள்.

தறிக்காரர்_குடியாத்தம்

பல இடங்களில் அப்படித்தான். இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் எல்லா இடத்திலும் அப்படி இல்லை, என் கிளையில் நடந்ததைச் சொல்கிறேன்.

கூட்டம் நடந்தது என் தறிக்கூடத்தில். அன்றைக்கு நாலு தறியையும் நிறுத்திவிட்டேன். மேலே இருந்து பார்வையாளராக வந்தவர் ஒரு பெயரைச் சொல்லி, "இவரையே ஒருமனதாக" என்றார். மூலையில் பாவு சுற்றிக்கொண்டிருந்த ஒரு பையன் எழுந்து, "எனக்கு ஒப்புதல் இல்லை, ஓட்டு வையுங்க" என்றான். கூடம் அமைதியாகிவிட்டது. பார்வையாளருக்குக் கோபம். நான் நோட்டிலிருந்து தாளைக் கிழித்து நாற்பத்தோரு துண்டு செய்தேன். நூல் போடும் டப்பாவில் போட்டார்கள். எண்ணினால் 23-க்கு 18. ஜெயித்தவர் மேலே சொன்ன பெயர் இல்லை. தோற்றவரே எழுந்து மினிட் புக்கில் முதல் கையெழுத்துப் போட்டார். அந்த நோட்டு இன்னும் என் பெட்டியில் இருக்கிறது. ஒன்றியத்துக்கு அனுப்பிய பட்டியலையும் அவர்கள் மாற்றவில்லை.

அதனால் முருகேசா, "எல்லாம் நாடகம்" என்று மட்டும் சொல்லிவிடாதே. ஓட்டு வை என்று ஒருத்தன் எழுந்து கேட்டால் வைக்க வேண்டியதாகிறது. கேட்க ஆள் இல்லாத இடத்தில்தான் லிஸ்ட் வருகிறது.

சிப்காட்_முருகேசன்

அந்தப் பையன் இப்போது எங்கே?

தறிக்காரர்_குடியாத்தம்

திருப்பூரில் பனியன் கம்பெனியில். பொறுப்பு எதுவும் கிடைக்கவில்லை.

சிப்காட்_முருகேசன்

அதைத்தான் நான் சொல்கிறேன் ஐயா.

பாகாயம்_வக்கீல்

தினேஷ், போவதற்கு முன் இவ்வளவு மட்டும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். நம் மூன்று மாவட்டங்களிலும் ஊரக உள்ளாட்சித் தேர்தல் 2021 அக்டோபரில் நடந்தது. ஊராட்சித் தலைவருக்கும் வார்டு உறுப்பினருக்கும் கட்சிச் சின்னமே கிடையாது. ஒன்றிய வார்டுக்கும் மாவட்ட வார்டுக்கும்தான் கட்சிச் சின்னம். ஆகவே குடிநீர் மோட்டார் பார்க்க வேண்டிய ஊராட்சியில், சட்டப்படி கட்சி என்று ஒன்று இல்லவே இல்லை. மனுவை இரண்டு பிரதி எழுதுங்கள், ஒன்றில் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். நடக்காவிட்டால் திங்கட்கிழமை சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸ் குறைதீர்வு நாளில் அதே நகலோடு கொடுங்கள். எம்.எல்.ஏ.விடமும் போகலாம், தப்பில்லை. தொகுதி நிதி வருடத்துக்கு 3 கோடி அவருக்கு உண்டு. ஆனால் அதிலும் அவர் பரிந்துரைக்கத்தான் முடியும், அனுமதி ஆணை கலெக்டருடையது.

காட்பாடி_தினேஷ்

போய் வந்தேன். சனிக்கிழமை கிளார்க் இல்லை, அதனால் திங்கட்கிழமை லீவு போட்டு ஆயாவையும் கூட்டிக்கொண்டு போனேன்.

கிளார்க் நல்ல மனிதர். மனுவைப் படித்துவிட்டு, "மோட்டார் எரிஞ்சது எனக்கு யாருமே சொல்லலையே, ஒரு மாசமாவா தண்ணி இல்ல?" என்றார். எங்கள் வீட்டிலிருந்து ஊராட்சி அலுவலகம் நடந்து போகும் தூரம். அங்கேயே உட்கார்ந்து தலைவருக்கு போன் போட்டார். மோட்டாரைக் கழற்றி காயில் கட்ட காட்பாடிக்கு அனுப்பினார்கள். வியாழக்கிழமை ராத்திரி டேங்கில் தண்ணீர் ஏறிவிட்டது என்று ஆயா போன் செய்தார். பின்னால் குழாயடிச் சத்தம் கேட்டது.

முருகேசன் அண்ணனுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கிளார்க் மனுவை வாங்கும்போது பக்கத்தில் இருந்தவர் ஒருவர், "ஒன்றியத்துக்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டீங்களா?" என்று கேட்டார். கிளார்க் அவருக்குப் பதில் சொல்லவில்லை, என்னைப் பார்த்து, "ரெண்டாவது காப்பியைக் கொடுப்பா" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். உங்கள் கேள்வி எனக்கு அப்போதுதான் முழுசாகப் புரிந்தது.

அந்த லெட்டரை ஆயாவிடம் தூக்கிப் போடச் சொன்னேன். மறுபடி நாலாக மடித்து, கிளார்க் கையெழுத்துப் போட்ட மனு நகலோடு சேர்த்துச் சுருக்குப்பையில் வைத்துக்கொண்டார். "இருக்கட்டும்டா, சீல் குத்தின காகிதம், எப்பவாச்சும் கேட்பாங்க" என்றார்.